மதிப்பெண்ணா, மகிழ்ச்சியா? பள்ளிகள் உண்மையில் எங்கே குழம்புகின்றன

ஒரு வருடம் ரிசல்ட் குறைந்தால் "பிள்ளைகளுக்கு ரொம்பச் செல்லம் கொடுத்துவிட்டோம்" என்று ஸ்பெஷல் வகுப்பும் தினசரி டெஸ்ட்டும் வரும். அடுத்த வருடம் ஒரு பிள்ளை பள்ளிக்கே வரமாட்டேன் என்று அடம்பிடித்தாலோ, அதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்துவிட்டாலோ, "அழுத்தம் அதிகமாகிவிட்டது" என்று வீட்டுப்பாடத்தைக் குறைத்து, யோகாவுக்கு ஒரு பீரியட் ஒதுக்குவார்கள். அப்புறம் மறுபடியும் ரிசல்ட். பல பள்ளிகளில் இந்த ஊசலாட்டம் வருடக்கணக்காக நடக்கிறது. பெற்றோர்களும் அதோடு சேர்ந்து ஆடுகிறார்கள். ஒரு நாடு தேர்வுகளை ரத்து செய்தது என்ற செய்தியை இந்த வாரம் பகிர்கிறவர், உலகத் தரவரிசையில் நம் பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்கள் என்ற செய்தியை அடுத்த வாரம் பகிர்கிறார்.

மகிழ்ச்சி ஒரு தட்டிலும் படிப்பு மறு தட்டிலும் இருக்கிற தராசு என்று நினைப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கித்தான் ஆகவேண்டும் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆய்வுகள் காட்டுவது வேறு. முட்டிக்கொள்வது இந்த இரண்டும் இல்லை. பள்ளி மதிப்பெண்ணை என்ன செய்கிறது, நேரத்தை எப்படிச் செலவிடுகிறது, தப்பாகச் செய்த பிள்ளையிடம் என்ன பேசுகிறது என்பதில்தான் முட்டல் வருகிறது. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

"மகிழ்ச்சி" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்களைப் போட்டு அடைத்துவிடுகிறோம்.

1. அந்த நேரத்து உற்சாகம். விளையாட்டு பீரியடில் வருவது, ஆசிரியர் லீவு என்றதும் வருவது. வந்த வேகத்தில் போய்விடும்.

2. வாழ்க்கைத் திருப்தி. "மொத்தத்தில் உன் வாழ்க்கை எப்படி இருக்கிறது, 0 முதல் 10க்குள் ஒரு எண் சொல்" என்று கேட்டு ஆய்வாளர்கள் அளப்பது இதைத்தான். ஒரு நாள் நல்லபடியாகப் போனதாலோ மோசமாகப் போனதாலோ இது பெரிதாக மாறுவதில்லை.

3. "இந்த இடத்தில் எனக்கும் ஓர் இடம் உண்டு" என்கிற உணர்வு. வகுப்பில் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நான் வராவிட்டால் யாராவது கேட்பார்கள், தப்பாகச் சொன்னால் சிரிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

பள்ளி விழாக்களும் "ஜாலி டே"க்களும் முதல் வகையைத் தொடும். பிள்ளையின் நாட்களைத் தீர்மானிப்பதோ மூன்றாவது வகை. பள்ளியின் கையில் அதிகமாக இருப்பதும் அதுதான்.

"சாதனை" என்ற சொல்லிலும் இதே சிக்கல். கற்றல் ஒன்று: பின்னங்களைக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இப்போது தெரிகிறது. மதிப்பெண் இன்னொன்று, அது கற்றலை அளக்க முயலும் ஒரு எண். ரேங்க் மூன்றாவது. கற்றல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூடலாம். மதிப்பெண்ணும் அப்படியே. ஆனால் ரேங்க் அப்படியில்லை. நாற்பது பேரும் நன்றாகப் படித்தாலும் ஒருவர் நாற்பதாவதாக வந்தே ஆகவேண்டும். "படிப்பு பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கிறது" என்று சொல்கிறவர்கள் சொல்லும் உதாரணங்களைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் அது ரேங்க் செய்த வேலையாக இருக்கும்.

## எண்கள் என்ன சொல்கின்றன

பதினைந்து வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்க்கும் பீசா தேர்வை, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்துகிறது. கணக்கு, வாசிப்பு, அறிவியலோடு, மாணவர்கள் எப்படி உணர்கிறார்கள் என்ற கேள்விகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

2012ஆம் ஆண்டுச் சுற்றில் "பள்ளியில் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் ஓஇசிடி நாடுகளில் சராசரியாக 80 சதவீதம். கணக்கில் உச்சத்தில் இருந்த தென்கொரியாவில் 60 சதவீதம்தான், பங்கேற்ற நாடுகளிலேயே கடைசி. 2015இல் வாழ்க்கைத் திருப்தியைக் கேட்டபோது சராசரி 7.3 வந்தது, கொரியா 6.36. இதோடு நிறுத்திக்கொண்டால், படிப்பு ஏறினால் சந்தோஷம் இறங்கும் என்று தோன்றும். ஆனால் அதே 2015இல் ஃபின்லாந்தும் நெதர்லாந்தும் சுவிட்சர்லாந்தும் படிப்பிலும் சராசரிக்கு மேல், திருப்தியிலும் சராசரிக்கு மேல். ஃபின்லாந்து மாணவர்கள் சொன்ன எண் 7.89. ஆகவே இரண்டும் சேர்ந்து இருக்க முடியும்.

உடனே மறுபக்கம் சாய்ந்து "பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தால் மதிப்பெண் தானாக வரும்" என்று சொல்லிவிடவும் முடியாது. அதே ஃபின்லாந்தின் கணக்கு மதிப்பெண் 2006இல் 548 ஆக இருந்தது, 2022இல் 484க்கு வந்துவிட்டது. திருப்தியான மாணவர்கள் இருந்தும் சரிவு நிற்கவில்லை.

நாடுகளை விட்டுவிட்டுத் தனித்தனி மாணவர்களைப் பார்த்தால்? 47 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 39,000 மாணவர்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. நல்வாழ்வு உணர்வுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பின் அளவு சுமார் 0.16 என்று அது கண்டது. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அப்படியே சொல்லிவிடலாம். ஆக 0.16 என்பது, தொடர்பு இருக்கிறது, ஆனால் மெலிதாக என்று பொருள். நன்றாகப் படித்தும் உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கும் பிள்ளைகளும் உண்டு, சுமாராகப் படித்து நிம்மதியாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு, ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது என்பதுதான் இந்த எண்ணுக்கு அர்த்தம்.

"அவள்தான் ஃபர்ஸ்ட் மார்க் ஆயிற்றே, அவளுக்கு என்ன கவலை" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது எவ்வளவு ஆபத்தான வாக்கியம் என்பதை இந்தச் சின்ன எண் சொல்லிவிடுகிறது.

## பயம் படிப்பை என்ன செய்கிறது

"கொஞ்சம் பயம் இருந்தால்தான் படிப்பார்கள்" என்பது பல தலைமுறைகளாக வருகிற நம்பிக்கை. இதற்கு அறிவியல் ஆதாரமாக ஒன்றைக் காட்டுவார்கள்: ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் இருவரும் 1908இல் எலிகளை வைத்துச் செய்த சோதனை. சரியான பெட்டியைத் தேர்ந்தெடுக்க எலிக்குக் கற்றுக்கொடுத்தார்கள், தப்பான பெட்டிக்குப் போனால் மின்சார அதிர்ச்சி. அளவான அழுத்தம்தான் நல்ல பலன் தரும் என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள்.

ஆனால் அந்தச் சோதனையின் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறார்கள். வேலை சுலபமாக இருந்தபோது, அதாவது இரண்டு பெட்டிகளுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, பலமான அதிர்ச்சி எலிகளை வேகமாகக் கற்க வைத்தது. வித்தியாசம் கண்டுபிடிக்கக் கடினமாக ஆக ஆக, மிதமான அதிர்ச்சியில்தான் எலிகள் நன்றாகக் கற்றன, பலமான அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. பள்ளிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரே வாக்கியத்தை ஐம்பது முறை எழுத வைக்கப் பயம் உதவலாம். இதுவரை பார்த்திராத ஒரு கணக்கை யோசித்துப் போட அதே பயம் தடை.

காரணம் எளிது. மனத்துக்குள் 37ஐயும் 48ஐயும் கூட்டிப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து, மிச்சம் ஒன்றை எங்கோ பிடித்து வைத்துக்கொண்டுதானே அடுத்த இலக்கத்துக்குப் போகிறீர்கள்? பிடித்து வைக்கிற அந்த இடத்தை வேலை நினைவு என்கிறார்கள். அது மிகச் சிறியது. ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களுக்கு மேல் அதில் நிற்காது. "இதிலும் தப்பாகப் போட்டால் வீட்டில் என்ன சொல்வது" என்ற எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த மிச்சம் ஒன்றுக்கு இடமில்லை. வீட்டில் சரியாகப் போட்ட கணக்கைத் தேர்வு அறையில் தப்பாகப் போட்டுவிட்டு வருகிற பிள்ளை பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மையிலேயே தெரியும்.

இதை ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் 2011இல் ஓர் எளிய சோதனையில் காட்டினார்கள். தேர்வுக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம், மனத்தில் இருக்கும் பயத்தை அப்படியே தாளில் எழுதச் சொன்னார்கள். தேர்வுப் பயம் அதிகமாக இருந்த மாணவர்களின் மதிப்பெண் அதனால் உயர்ந்தது. எழுதியவர்களுக்குக் கூடுதலாக யாரும் பாடம் நடத்தவில்லை. கவலை காகிதத்துக்கு இறங்கியதும் அது பிடித்திருந்த இடம் காலியானது, அவ்வளவுதான்.

## அப்படியானால் தேர்வையே எடுத்துவிடலாமா?

பலரும் இங்கேதான் தவறான திசையில் போகிறார்கள். தேர்வு வைப்பது கற்றலுக்கு நல்லது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு பாடப்பகுதியை இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருப்பதை எழுதிப்பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் நின்றது 42 சதவீதம், எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். நினைவிலிருந்து எடுக்க முயல்வதே நினைவை உறுதிப்படுத்துகிறது. டெஸ்ட்டையே நிறுத்திவிடுகிற பள்ளி, பிள்ளைகளிடமிருந்து நல்ல கருவி ஒன்றைப் பிடுங்கிவிடுகிறது.

2015 பீசா தரவுகளிலும் இதற்குத் துணை உண்டு. எத்தனை முறை தேர்வு வைக்கிறார்கள் என்பதற்கும் மாணவர்களின் பதற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆசிரியர் உதவி செய்வார் என்ற நம்பிக்கை இருக்கிறதா, இல்லை தன்னை மட்டம் என்று நினைக்கிறார் என்ற எண்ணம் இருக்கிறதா என்பதோடுதான் பதற்றம் சேர்ந்து வந்தது.

அப்படியானால் பிரச்சினை தேர்வு முடிந்த பிறகு நடப்பதில் இருக்கிறது. திருத்திய விடைத்தாள் திரும்பி வருகிற அந்தப் பத்து நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். தாள்கள் மதிப்பெண் வரிசையில் அடுக்கியிருக்கின்றன, மேலே அதிகம், கீழே குறைவு. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். அடுக்கு மெலிய மெலிய, இன்னும் பெயர் வராதவர்களின் முகம் மாறிக்கொண்டே போகிறது. கடைசியாக இருக்கிற ஐந்து பேரும் யார் என்று வகுப்புக்கே தெரியும், அவர்களுக்கும் தெரியும். தாளை வாங்கியதும் அந்தப் பிள்ளை முதலில் செய்வது, எண் இருக்கும் வலது மேல் மூலையை உள்பக்கமாக மடிப்பது. உள்ளே எந்தக் கணக்கில் எந்தப் படி தப்பு என்பதை அது பார்க்கவே இல்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிடுகிறது. இந்தப் பத்து நிமிடத்தில் கற்றலும் நடக்கவில்லை, மகிழ்ச்சியும் இல்லை. இரண்டையும் ஒரே செயலில் இழந்துவிட்டோம்.

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலிய மாணவர்களிடம் செய்த ஆய்வு 1988இல் வெளியானது. ஒரு குழுவுக்கு எது சரி, எதை மாற்றலாம் என்று கருத்து மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு மதிப்பெண் மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களிடம்தான் ஆர்வமும் அடுத்த முயற்சியில் முன்னேற்றமும் தெரிந்தது. மதிப்பெண்ணும் கருத்தும் சேர்ந்து பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப்போலவே இருந்தார்கள். எண் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கும் எழுத்தை யாரும் படிப்பதில்லை. ஆசிரியர் இரவு உட்கார்ந்து நாற்பது தாளில் சிவப்பு மையால் எழுதிய குறிப்பெல்லாம் வீண் என்பது மனதுக்குக் கஷ்டமான உண்மை. ஆனால் தீர்வு சுலபம். முதல் நாள் குறிப்பை மட்டும் கொடுத்து, திருத்தச் சொல்லி, மறுநாள் மதிப்பெண்ணைச் சொல்லலாம். செலவில்லாத மாற்றம் இது.

## ரேங்க் பற்றித் தனியாக

ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து ஆராய்ந்து வரும் ஒரு விளைவு இருக்கிறது: சின்னக் குளத்துப் பெரிய மீன். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி சாதாரண வகுப்பிலும் இன்னொருத்தி பொறுக்கியெடுத்த "டாப்" வகுப்பிலும் இருந்தால், டாப் வகுப்பில் இருப்பவள்தான் தன்னை மட்டமாக மதிப்பிட்டுக்கொள்கிறாள். திறமை குறையவில்லை, சுற்றியிருக்கிறவர்கள் மாறிவிட்டார்கள். பல நாடுகளில் பல முறை சரிபார்த்த முடிவு இது.

மதிப்பெண்ணை வைத்து வகுப்பைப் பிரிக்கும் பள்ளிகள் கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் மனம் உடைவதை ஓரளவாவது கவனிக்கிறார்கள். மேல்பிரிவின் கடைசி வரிசையில், நேற்றுவரை முதலிடம், இன்று முப்பதாவது இடம் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அவள் மதிப்பெண் இன்னும் தொண்ணூறுதான்.

சிங்கப்பூர் இதில் ஒரு முடிவெடுத்தது. தேர்வுகளுக்கும் போட்டிக்கும் பேர்போன நாடு அது. 2019இலிருந்து தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வுகளை எடுத்துவிட்டார்கள், மதிப்பெண் அட்டையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று போடுவதையும் நிறுத்தினார்கள். 2023க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அரையாண்டுத் தேர்வும் போய்விட்டது. 2022 பீசாவில் கணக்கு, வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் முதலிடம் சிங்கப்பூருக்குத்தான். இந்த மாற்றத்தால்தான் முதலிடம் என்று சொல்லமுடியாது, அந்தத் தேர்வை எழுதியவர்கள் தொடக்கப்பள்ளியைப் பழைய முறையிலேயே முடித்துவிட்டவர்கள். ஆனால் உச்சியில் இருக்கும் ஒரு நாடே அட்டையில் ரேங்க் தேவையில்லை என்று முடிவு செய்ததைக் கவனிக்க வேண்டும்.

## மகிழ்ச்சிக்கென்று ஒரு பீரியட் போதுமா

இப்போது பல பள்ளிகள் போகிற வழி இது: வாரத்துக்கு ஒரு பீரியட் தியானம், மனநலம், மகிழ்ச்சி வகுப்பு. பலன் இருக்கிறதா என்றால், ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

ஜோசஃப் டர்லாக்கும் சகாக்களும் 2011இல் 213 திட்டங்களை ஒன்றாக அலசினார்கள், மாணவர் எண்ணிக்கை 2,70,000க்கு மேல். உணர்ச்சிகளைக் கையாள்வது, சண்டையைப் பேசித் தீர்ப்பது, உதவி கேட்பது போன்றவற்றைக் கற்றுத்தந்த திட்டங்கள் அவை. அவற்றில் இருந்த மாணவர்களின் படிப்பு, இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் நூறு பேர் வரிசையில் 11 இடம் முன்னேறிய அளவுக்கு உயர்ந்தது. குறிப்பாக, சொந்த வகுப்பு ஆசிரியர்களே நடத்திய திட்டங்களில் இந்தப் பலன் தெரிந்தது.

இன்னொரு பக்கம், பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களோடு நடந்த மிரியட் என்ற பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தது. 11 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்கு வகுப்பில் மனக்குவிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிகள் வழக்கமாகச் செய்வதைவிட இது மனநலத்தைக் கூடுதலாக மேம்படுத்தவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவும் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். காலை எட்டரை மணிக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, ஒன்பதே காலுக்கு விடைத்தாளை வரிசைப்படி கொடுத்தால், பிள்ளை எதை நம்பும்? அன்றாடம் பாடம் நடத்துகிற ஆசிரியரின் பேச்சிலும் பழக்கத்திலும் ஒட்டாத மகிழ்ச்சி வகுப்பு கால அட்டவணையில் ஒரு கட்டமாக மட்டுமே நிற்கும்.

## தூக்கம்: யாரும் பேசாத பாதி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் சர்ச்சை குறைவு. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் சொன்னது. பதின்வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 7:50க்குப் பதிலாக 8:45க்குத் தொடங்கியது. அளந்து பார்த்தபோது மாணவர்கள் தினமும் 34 நிமிடம் அதிகம் தூங்கினார்கள், அளந்த வகுப்பில் மதிப்பெண்ணும் 4.5 சதவீதம் கூடியிருந்தது. காலை ஸ்பெஷல் வகுப்பையும் இரவு டியூஷனையும் சேர்த்துத் தூக்கத்தைச் சுருக்கும் பள்ளியும் வீடும், அன்று படித்தது நினைவில் பதிகிற நேரத்தையே வெட்டிவிடுகின்றன.

## மறுபக்கத் தவறும் தவறுதான்

இதுவரை அழுத்தத்தைப் பற்றிப் பேசினோம். மகிழ்ச்சியின் பெயரில் படிப்பைத் தளர்த்துவதும் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளை வகுப்பில் சந்தோஷமாக இருக்க வழியே இல்லை. ஒவ்வொரு பீரியடிலும் அதற்கு முன்னால் ஒரு புத்தகம் விரிகிறது, அதில் இருப்பது அதற்குப் புரியவில்லை, புரியாததை மறைக்கவே அதன் முழு சக்தியும் போகிறது. "பாவம், கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று அதை விட்டுவிடுகிற ஆசிரியர் அன்றைக்கு ஒரு அழுகையைத் தவிர்த்திருப்பார். ஆனால் அடுத்த ஐந்து வருடத்து அவமானத்தை அதன் தலையில் வைத்துவிட்டார். கணக்கிலும் இப்படித்தான். ஜெர்மன் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து ரைன்ஹார்ட் பெக்ருனும் குழுவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கை ரசிப்பது மதிப்பெண்ணைக் கூட்டியது, மதிப்பெண் கூடியது ரசனையைக் கூட்டியது. பாதை இரு பக்கமும் போகிறது. "இது எனக்கு வருகிறது" என்ற உணர்வுக்கு ஈடான மகிழ்ச்சியை எந்த விளையாட்டு தினமும் தரமுடியாது.

நல்ல கற்றல் அந்த நேரத்தில் சுகமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், தாங்களே மல்லுக்கட்டிக் கணக்குப் போட்ட வகுப்பிலிருந்தவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் விரிவுரையைச் சும்மா கேட்டவர்கள்தான் "நன்றாகப் புரிந்தது" என்று சொன்னார்கள். திணறுவது கற்காததுபோல் தோன்றும். அதனால் "வகுப்பு பிடித்ததா?" என்ற கேள்வியை மட்டும் வைத்து ஒரு ஆசிரியரை எடைபோட்டால், பிள்ளைகளை யோசிக்க வைக்கும் ஆசிரியர்தான் முதலில் அடிபடுவார்.

திணறலிலும் இரண்டு வகை உண்டு, இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, "இந்தக் கணக்கு வரமாட்டேன் என்கிறது". இன்னொன்று, "நான் எதற்கும் லாயக்கில்லை". முதலாவதை நீக்கக்கூடாது. இரண்டாவதை ஒரு நாள்கூட விட்டுவைக்கக்கூடாது.

## ஒரு பள்ளி எதிலிருந்து தொடங்கலாம்

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மாற்றமுடியாது. செலவு குறைந்து பலன் கூடுதலாக வரக்கூடியவற்றிலிருந்து போகலாம்:

1. சின்ன டெஸ்ட்டுகளைக் கூட்டுங்கள், அவற்றின் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். எழுதிப்பார்ப்பதன் பலன் கிடைக்கும், பயம் இருக்காது.

2. விடைத்தாளை வரிசைப்படி கொடுப்பதையும், மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிப்பதையும் பள்ளி முழுக்க நிறுத்துங்கள். ஒரு ஆசிரியர் நிறுத்தி, அடுத்த பீரியடில் இன்னொருவர் வாசித்தால் பயனில்லை. தலைமை ஆசிரியரே சொல்லவேண்டிய விஷயம் இது.

3. திருத்திய தாளுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும். தப்பை அதே பிள்ளை சரிசெய்து திருப்பித் தந்தால் அதற்குக் கணக்கு உண்டு என்றால், தாள் பைக்குள் மடிந்து போகாது.

4. வீட்டுப்பாடத்தை ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசி முடிவு செய்யட்டும். கணக்கு ஆசிரியர் அரைமணி நேர வேலைதான் கொடுத்தார், அறிவியலும் அப்படியே, மொழியும் அப்படியே. அது வீட்டுக்கு வரும்போது ஒன்றரை மணி நேரமாகிறது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, கூட்டிப்பார்க்க ஆள் இல்லை.

5. ஒவ்வொரு பிள்ளையையும் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவராவது பள்ளியில் இருக்கிறாரா என்று பாருங்கள். எல்லா மாணவர் பெயரையும் சுவரில் ஒட்டி, யாருடைய வீட்டு நிலைமை, விருப்பம், பயம் தெரியுமோ அந்தப் பெயருக்கு நேரே ஆசிரியர்கள் புள்ளி வைக்கும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. புள்ளியே இல்லாத பெயர்கள் தெரியவரும்போது அறை அமைதியாகிவிடும். அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது.

ஆசிரியர்களையும் இதில் சேர்த்துச் சொல்லவேண்டும். "உன் பாடத்தில் எத்தனை பேர் நூறு?" என்று மட்டுமே கேட்கப்படும் ஆசிரியர், அதே கேள்வியைத்தான் பிள்ளைகள் மேல் இறக்குவார். அந்த அழுத்தம் மேலேயிருந்து கீழே வருவது, நடுவில் இருப்பவரை மட்டும் நல்லவராக இருக்கச் சொல்வது நியாயமில்லை.

## பள்ளியின் கைக்கு எட்டாதது

இதையெல்லாம் செய்தாலும் ஒரு சுவர் இருக்கிறது. உயர்கல்விக்கு இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், நடுவே ஒரு தேர்வு. தென்கொரியா 2013இல் சோதனையாகத் தொடங்கி, 2016இல் எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும் தேர்வில்லாத ஒரு பருவத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் அந்தப் பருவத்தில் தொழில்களையும் கலைகளையும் பார்க்கலாம். நல்ல திட்டம். ஆனால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு அப்படியே இருந்தது. 2023இல் கொரியக் குடும்பங்கள் தனிப்பயிற்சிக்குச் செலவிட்டது 27 லட்சம் கோடி வோன், அதுவரை இல்லாத உச்சம், அதுவும் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் நாட்டில். பள்ளி இறக்கிவைத்த சுமையை வீடு தூக்கிக்கொண்டது.

அதனால் கடைசி இரண்டு வருட வகுப்புகளில் போட்டியின் சூட்டை ஒரு பள்ளியால் அணைத்துவிட முடியாது. ஆனால் அந்தச் சூடு எந்த வயதில் தொடங்கவேண்டும் என்பது பெருமளவு பள்ளியின் கையிலும் பெற்றோர் கையிலும்தான் இருக்கிறது. பதினேழு வயதில் வரவேண்டிய தேர்வுக்கு ஏழு வயதிலேயே ரேங்க் போட்டுப் பழக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. சின்ன வகுப்புகளில் தப்பு செய்யப் பயப்படாமல் வளர்ந்த பிள்ளைதான் கடினமான கணக்கின் முன்னால் அதிக நேரம் உட்காரும்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு கேள்விகளைக் கையில் எடுத்துப் போகலாம். "என் பிள்ளை எத்தனையாவது?" என்பதற்குப் பதிலாக, "போன மாதம் தெரியாமல் இருந்து இந்த மாதம் அவளுக்குத் தெரிய வந்தது என்ன?" என்று ஆசிரியரிடம் கேட்கலாம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம், "வகுப்பில் ஏதாவது புரியவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேட்பாயா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு எதுவும் பேசாமல் இருக்கலாம்.